கடவுச்சொல்லை யோசித்து வைக்காதீர்கள்: ஆன்லைன் கணக்குகளைப் பாதுகாக்க முழுமையான வழிகாட்டி

புதிதாக ஒரு கணக்கு தொடங்கும்போது கடவுச்சொல் கேட்டதும் கை தானாகவே ஒரு வழியில் போகும். தெரிந்த ஒரு பெயர், அதன் முதல் எழுத்து பெரிதாக, பின்னால் ஓர் ஆண்டு, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. தளமும் பச்சைக் கோடு போட்டு "வலுவானது" என்று சொல்லிவிடும். அந்தப் பச்சைக் கோட்டை நம்ப வேண்டாம். எல்லோருடைய கையும் அந்த வழியில்தான் போகிறது. கடவுச்சொல்லை உடைக்கும் மென்பொருளும் அந்த வழியில்தான் முதலில் தேடும்.

ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை விதி ஒன்றுதான்: கடவுச்சொல்லை உங்கள் மூளை தேர்ந்தெடுக்கக் கூடாது. பகடை தேர்ந்தெடுக்கட்டும், அல்லது மென்பொருள் தேர்ந்தெடுக்கட்டும். மனிதர்களுக்கு எந்த ஒழுங்கும் இல்லாமல் எதையும் எடுக்க வராது. ஒழுங்கில்லை என்று நினைத்து எடுப்பதிலும் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதோடு ஒரு கடவுச்சொல் ஒரே ஒரு கணக்குக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நினைவில் வைக்க வேண்டியவை இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் முக்கியமான கணக்குகளை முடித்துவிடலாம்.

உடைப்பவர் எப்படி உடைக்கிறார்

லாகின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது ஒரு வகை. பத்து முறை தவறினால் தளம் பூட்டிவிடும் என்பதால் இது மெதுவானது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஏதோ ஒரு தளத்தின் தரவுத்தளம் திருடு போகிறது. அதில் கடவுச்சொற்கள் பெரும்பாலும் அப்படியே இருக்காது. ஹேஷ் என்ற கணக்கீட்டின் வழியே அடையாளம் தெரியாத எழுத்துக்கோவையாக மாற்றி வைத்திருப்பார்கள். ஹேஷைத் திருப்பிப் போட்டுக் கடவுச்சொல்லை எடுக்க முடியாது. ஆனால் ஊகங்களை ஒவ்வொன்றாக ஹேஷ் செய்து, திருடிய பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இதைத் திருடியவர் தன் கணினியிலேயே செய்வதால், எத்தனை முறை தவறினாலும் தடுக்க யாரும் இல்லை.

வேகத்தைப் பாருங்கள். பலவீனமான பழைய ஹேஷ் முறையான எம்டி5-இல், வீடியோ கேமுக்கு வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்றே விநாடிக்கு ஏறக்குறைய 16,000 கோடி ஊகங்களைச் சோதிக்கும். இந்த வேகத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டு கொண்ட எல்லாக் கோவைகளையும் முடிக்க ஒன்றரை விநாடி போதும். பத்து இலக்க எண் எதுவாக இருந்தாலும் ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்குதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்த எட்டு எழுத்து என்றால் பதினொன்றரை மணி நேரம். அதே சிறிய எழுத்துகளை மட்டும் வைத்து, பதினாறு எழுத்துக் கோவை ஒன்றைக் குலுக்கலில் எடுத்தால் 8,000 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். குறியீடுகளை நுழைப்பதைவிட நீளத்தைக் கூட்டுவதில் எவ்வளவு பலன் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஹேஷ் முறைகளில் இந்த வேகம் பல லட்சம் மடங்கு குறையும். ஆனால் உங்கள் தளம் எதைப் பயன்படுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மோசமானது என்றே வைத்துக்கொள்வது நல்லது. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் கசிந்தபோது அவை ஹேஷ்கூடச் செய்யப்படாமல் வெறும் எழுத்தாகவே கிடந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றுவரை உடைப்பவர்களின் முதல் அகராதி. "மறந்துவிட்டேன்" என்று கேட்டதும் உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம் எதுவானாலும், அதுவும் இதே நிலையில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழி இன்னும் எளிது. ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஜோடியாக எடுத்து, மென்பொருள் வைத்து நூற்றுக்கணக்கான மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். இதில் உடைக்கவே வேண்டியதில்லை. 2023-இல் மரபணுச் சோதனை நிறுவனமான 23ஆண்ட்மீயில் நடந்தது இதுதான். வேறு தளங்களில் வைத்திருந்த அதே கடவுச்சொல்லை இங்கும் வைத்திருந்த ஏறக்குறைய 14,000 பேரின் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். உறவினர்களைக் கண்டறியும் வசதி வழியாக அங்கிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நாற்பது எழுத்துக் கடவுச்சொல்லாக இருந்தாலும் இரண்டு இடத்தில் வைத்தால் அதன் வலு, அந்த இரண்டில் மோசமான தளத்தின் வலுதான்.

பழைய விதிகளை மறந்துவிடுங்கள்

"பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று" என்ற விதியை எல்லா அலுவலகமும் பாடமாகச் சொல்லும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆவணத்திலிருந்து பரவியது அது. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், தாம் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் விதிகளைத் திருத்தியது: காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லக் கூடாது, எழுத்து வகைகளைக் கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2025-இல் வந்த பதிப்பு, கடவுச்சொல் மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது. 64 எழுத்துவரை தளங்கள் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

விதி ஏன் பலிக்கவில்லை? மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவார்கள். குறியீடு கேட்டால் ஏ எழுத்தை @ ஆக்குவார்கள், ஓ எழுத்தைப் பூஜ்ஜியம் ஆக்குவார்கள். இந்த மாற்றங்களை எல்லாம் உடைக்கும் மென்பொருள் தனி விதிகளாகவே வைத்திருக்கிறது. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஆயிரக்கணக்கான மாற்றங்களைத் தானாகப் போட்டுப் பார்க்கும். விசைப்பலகையில் வரிசையாகத் தட்டுவது, சொல்லைத் திருப்பிப் போடுவது, பாட்டு வரி, பழமொழி, வசனம் எல்லாம் அப்படித்தான். ஒன்றை நீங்கள் "யாருக்கும் தோன்றாது" என்று நினைத்தால், அது ஏற்கெனவே பல்லாயிரம் பேருக்குத் தோன்றிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

படி 1: நினைவில் நிற்க வேண்டிய தொடர்ச்சொல்

மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை மூன்று: பாஸ்வேர்ட் மேனேஜரின் (கடவுச்சொற்களை உருவாக்கிப் பூட்டி வைக்கும் மென்பொருள்) முதன்மைக் கடவுச்சொல், கணினியைத் திறக்கும் கடவுச்சொல், முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல். இவற்றுக்குச் சம்பந்தமில்லாத சொற்களைக் குலுக்கலில் எடுத்துக் கோத்த தொடர்தான் ஏற்றது. நீளமாக இருக்கும், ஆனால் தலைக்குள் நிற்கும்.

இந்த முறைக்கு டைஸ்வேர் என்று பெயர். அர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் 1995-இல் உருவாக்கியது. ஐந்து முறை பகடை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். ஆங்கிலச் சொற்கள் உங்களுக்குச் சரளம் என்றால் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2016-இல் வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொற்கள்தான் நினைவில் நிற்கும் என்றால் அச்சு அகராதி ஒன்றை வைத்தே செய்யலாம். 600 பக்கத்துக்குக் குறையாத அகராதியாக, பக்கத்துக்கு 15 தலைச்சொல்லாவது உள்ளதாக இருக்கட்டும்.

1. பகடையை நான்கு முறை உருட்டி எண்களை வரிசையாகக் காகிதத்தில் எழுதுங்கள். முதல் எண்ணில் ஒன்றைக் கழித்து 216-ஆல் பெருக்குங்கள். இரண்டாவதில் ஒன்றைக் கழித்து 36-ஆல், மூன்றாவதில் ஒன்றைக் கழித்து 6-ஆல். நான்காவதை அப்படியே கூட்டுங்கள். 3, 1, 5, 2 விழுந்தால் 432 + 0 + 24 + 2 = 458. அதுதான் பக்க எண். அகராதியின் கடைசிப் பக்கத்தைத் தாண்டினால் நான்கையும் மறுபடி உருட்டுங்கள்.

2. இன்னும் இரண்டு முறை உருட்டுங்கள். முதல் எண்ணில் ஒன்றைக் கழித்து 6-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டுங்கள். 2, 4 விழுந்தால் 10. அந்தப் பக்கத்தின் பத்தாவது தலைச்சொல் உங்களுடையது. அத்தனை சொல் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் இந்த இரண்டை மட்டும் மறுபடி.

3. இப்படி ஆறு சொல் எடுங்கள். சொற்களுக்கு நடுவே சிறுகோடு போடுங்கள்.

குடுவை, நத்தை, சறுக்கு, உமி, வேலி, படலம் என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். (இதையே எடுத்து வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்த எதுவும் கடவுச்சொல்லாகாது.) குடுவைக்குள் இருந்த நத்தை ஒன்று சறுக்கி, உமிக் குவியலைத் தாண்டி வேலிமேல் விழுகிறது, சுற்றிலும் தூசிப் படலம் என்று ஒரு காட்சியை மனதில் கட்டுங்கள். எவ்வளவு அபத்தமோ அவ்வளவு நன்றாக நிற்கும். ஆனால் காட்சிக்கு வசதியாகச் சொற்களின் வரிசையை மாற்றாதீர்கள். "உமி பிடிக்கவில்லை, வேறு எடுக்கலாம்" என்றும் நினைக்காதீர்கள். ஆறு சொல்லை 720 விதமாக அடுக்கலாம். அர்த்தம் வரும்படி அடுக்கத் தொடங்கினால் அதில் சிலவே மிஞ்சும், குலுக்கலில் கிடைத்த வலுவை நீங்களே கழித்துவிடுகிறீர்கள்.

ஏன் ஆறு? முன்பு சொன்ன அதே கிராபிக்ஸ் கார்டு வேகத்தில், 7,776 சொல் பட்டியலிலிருந்து எடுத்த நான்கு சொல் ஆறே கால் மணி நேரத்தில் விழும். ஐந்து சொல், ஐந்தரை ஆண்டு. ஆறு சொல், 43,000 ஆண்டுகளுக்கு மேல். உங்கள் முறையை, உங்கள் அகராதியைக்கூட உடைப்பவர் அறிந்திருக்கிறார் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வலு முழுவதும் பகடையில் இருக்கிறது, ரகசிய முறையில் எதுவும் இல்லை.

முதல் வாரம் நாளுக்கு மூன்று நான்கு முறையாவது அதைத் தட்டி உள்ளே போங்கள். அதுவரை காகிதத்தில் எழுதிப் பூட்டிய இடத்தில் வைத்திருப்பதில் தவறே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் காகிதத்தை இணையத்துக்கு அப்பால் இருப்பவர் படிக்க முடியாது. மானிட்டரில் ஒட்டுவதும் பணப்பையில் மடித்து வைப்பதும் மட்டும் வேண்டாம்.

தமிழ் எழுத்திலேயே தட்டலாமா?

ஆசைதான், ஆனால் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. காரணம் பாதுகாப்பில் இல்லை, எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் இருக்கிறது.

"கொ" என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விசைப்பலகை அதை க, அதன்மேல் ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாக அனுப்பும். இன்னொன்று க, கொம்பு, கால் என்று மூன்றாக அனுப்பலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சர்வர் பார்ப்பது வேறு வேறு பைட்டுகளை. ஹேஷ் மாறிவிடும், "கடவுச்சொல் தவறு" என்று வரும். நல்ல தளங்கள் இதை ஒரே வடிவமாக்கிவிட்டுத்தான் ஹேஷ் செய்யும், எல்லாத் தளங்களும் செய்வதில்லை. "கௌ" என்பதை ஔகாரக் குறியோடு எழுதினாலும், கெ-வுக்குப் பின்னால் ளகரத்தைத் தட்டினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதைச் சரிசெய்ய எந்தத் தளத்தாலும் முடியாது. "ஸ்ரீ" எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு.

இன்னொரு சிக்கல், பிகிரிப்ட் ஹேஷ் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று. அதாவது 24 குறியீட்டுக்குப் பிறகு வருவது எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டப்படலாம். மெய்ப்புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் குறியீடு என்பதால், ஆறு சொல் தொடரின் கடைசிச் சொற்கள் உள்ளே போகாமலே இருக்கலாம். கணினி திறக்கும் திரையில் தமிழ் விசைப்பலகை வராமல் போவதும் உண்டு.

எனவே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அதிலும் ஓர் இடறல் உண்டு. ழகரத்துக்கு இன்று இசட்-எச் போட்டு, நாளைக்கு எல் போட்டால் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். முன்கூட்டியே உங்களுக்கென்று எழுத்துமுறை ஒன்றை முடிவு செய்யுங்கள்: நெடிலுக்கு எப்போதும் இரட்டை எழுத்து, ழகரத்துக்கு எப்போதும் இசட்-எச், லகர ளகரம் இரண்டுக்கும் ஒரே எல், எல்லாம் சிறிய எழுத்தில். போனில் தட்டும்போது விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும், சொல்லுக்குப் பின் இடைவெளி சேர்க்கும். கண் குறியைத் தட்டி, வந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளிடுங்கள்.

படி 2: மற்ற எல்லாம் மேனேஜருக்கு

மீதிக் கணக்குகளின் கடவுச்சொல் உங்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் நல்லது. பிட்வார்டன், 1பாஸ்வேர்ட் போன்றவை மறைகுறியாக்கிய பெட்டகத்தைத் தங்கள் சர்வரில் வைத்து எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுவரும். கீபாஸ்எக்ஸ்சி பெட்டகத்தை ஒரு கோப்பாக உங்கள் கணினியிலேயே வைக்கும். அதை நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது உங்கள் பொறுப்பு. ஆப்பிள், கூகுள் கருவிகளில் கூடவே வரும் மேனேஜர்களும் நல்லவைதான். தினசரி பயன்படுத்தாத மேனேஜரால் பலனில்லை, எனவே கைக்கு எளிதாக வருவதைத் தேர்ந்தெடுங்கள்.

"எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அது போனால் எல்லாம் போச்சே" என்ற பயம் நியாயமானது. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடு போயின. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கத்துக்குள் இருந்தன, ஆனால் தள முகவரிகள் வெறுமனே இருந்தன. அந்தச் சூழலில் ஒருவரைக் காப்பாற்றக்கூடியது அவர் வைத்திருந்த முதன்மைக் கடவுச்சொல்தான். படி 1-இல் ஆறு சொல் கேட்டது இதற்காகத்தான். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் பெரும்பாலான மேனேஜர்களால் மீட்டுத் தர இயலாது என்பதையும் அறிந்துகொண்டே தொடங்குங்கள்.

நிறுவியதும் செய்ய வேண்டியவை: உருவாக்கும் கருவியின் நீளத்தை 20 என்று வையுங்கள், எல்லா எழுத்து வகைகளையும் இயக்குங்கள். சில தளங்கள் குறியீட்டை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அங்கே குறியீட்டை விட்டுவிட்டு 24 ஆக்குங்கள். டிவி ரிமோட்டில் தட்ட வேண்டிய கணக்குகளுக்கு மேனேஜரிலேயே உள்ள சொல் தொடர் வசதியில் ஐந்தாறு சொல் எடுங்கள், இல்லையென்றால் கை ஓய்ந்துவிடும். பெட்டகம் சும்மா இருந்தால் ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி அமைத்து, நகலெடுத்த கடவுச்சொல் கிளிப்போர்டிலிருந்து அரை நிமிடத்தில் அழியும்படியும் வையுங்கள்.

மேனேஜரின் பெரிய நன்மை பலர் கவனிக்காத ஒன்று. அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் கடவுச்சொல்லை நிரப்பும். ஓர் எழுத்து மாறிய போலித் தளம் உங்கள் கண்ணை ஏமாற்றும், மேனேஜரை ஏமாற்றாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது பேசாமல் இருந்தால், எரிச்சல்பட்டு நகலெடுத்து ஒட்டாதீர்கள். நிறுத்தி முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

எடுத்த கடவுச்சொல்லைத் தளத்தில் போட்டுச் சேமித்ததும், வெளியேறி மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். சில தளங்கள் 16 அல்லது 20 எழுத்துக்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பதிவுப் பக்கம் வெட்டி, லாகின் பக்கம் வெட்டாமல் விட்டால் சரியான கடவுச்சொல்லும் தவறு என்று வரும். அப்படி நடந்தால் நீளத்தைக் குறைத்து மறுபடி மாற்றுங்கள்.

படி 3: எந்தக் கணக்கில் தொடங்குவது

முதன்மை மின்னஞ்சல். சந்தேகமே வேண்டாம். மற்ற எல்லாக் கணக்குகளின் "கடவுச்சொல் மறந்துவிட்டதா" இணைப்பும் அங்கேதான் வந்து விழுகிறது. அதைப் பிடித்தவர் மீதியை ஒரு மணி நேரத்தில் பிடிப்பார். அடுத்து, போனோடு இணைந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு. பிறகு பணம் புழங்கும் கணக்குகள், பிறகு உங்கள் பெயரில் மற்றவர்களிடம் பேசக்கூடிய சமூக ஊடகங்களும் மெசேஜ் செயலிகளும். மீதி பழைய கணக்குகளை ஒரே நாளில் மாற்ற முயன்றால் பாதியில் அலுத்து விட்டுவிடுவீர்கள். அடுத்தமுறை உள்ளே போகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். பயன்படுத்தாததை மூடிவிடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றியதும் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதைத் தட்டுங்கள். மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகள் சில தளங்களில் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

படி 4: இரண்டாவது பூட்டு

எவ்வளவு வலுவான கடவுச்சொல்லும் போலித் தளத்தில் தட்டப்பட்டால் பறிபோகும். அதற்காகத்தான் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபி இல்லாததைவிட மேல். ஆனால் தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் போன் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிவிட்டால் ஓடிபி அங்கே போகும். ஆத்தென்டிகேட்டர் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் உங்கள் கருவியிலேயே உருவாகிறது, சிம்மை மாற்றித் திருட முடியாது. போனின் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இல்லாமல் ஓரிரு நிமிடம் பிசகியிருந்தால் எல்லா எண்ணும் தவறு என்று வரும். குழப்பம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள். இந்த எண்ணையும் போலித் தளத்தில் தட்டினால் திருடர் அந்த நொடியே பயன்படுத்துவார். கேட்டு வாங்கும் குரல் யாருடையதாக இருந்தாலும், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், எண்ணைச் சொல்லக் கூடாது.

பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) வசதி தெரிந்தால் தயங்காமல் இயக்குங்கள். அதில் ரகசியச் சாவி உங்கள் கருவியிலோ மேனேஜரிலோ இருக்கும், தளத்துக்கு அனுப்பப்படுவதே இல்லை. உண்மையான தள முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் வேலையும் செய்யாது. சர்வர் கசிந்தாலும் திருட அங்கே ஒன்றும் இல்லை. யுஎஸ்பி பாதுகாப்புச் சாவிகளும் இதே கொள்கைதான். வாங்குவதானால் இரண்டாக வாங்கி, இரண்டையும் பதிவு செய்து, ஒன்றை வெளியே எடுக்காமல் வையுங்கள்.

இரண்டாவது பூட்டைப் போட்டதும் தளம் தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். போன் தொலைந்தால், உடைந்தால், அவைதான் வழி. பூட்டிவிட்டு வெளியே நின்றவர்களில் பலர் இந்த ஒன்றைத் தவிர்த்தவர்கள்தான். அந்தக் குறியீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, தனக்குத் தானே மெசேஜ் அனுப்பிக்கொள்வது இரண்டும் வேண்டாம்; படம் கிளவுடுக்குப் போய், போனைத் திறந்தவர் எவருக்கும் கிடைக்கும்.

பின்வாசலைப் பூட்டுங்கள்

"உங்கள் முதல் பள்ளி எது?" போன்ற கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லாதீர்கள். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாகூ மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்தது இந்த வழியில்தான்: பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் பொதுவெளியில் கிடைத்தது. மேனேஜரில் குலுக்கலில் இரண்டு மூன்று சொல் எடுத்து அதையே பதிலாகப் போட்டு, குறிப்புப் பகுதியில் கேள்வியோடு சேமியுங்கள். தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும் என்பதால் எழுத்துக் குவியலைவிடச் சொற்கள் வசதி.

நினைவூட்டல் குறிப்பு கேட்கும் பெட்டியைக் காலியாக விடுங்கள். 2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் கசிந்தன. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், ஒரே கடவுச்சொல் வைத்த எல்லோருக்கும் ஒரே மறைகுறி விழுந்திருந்தது. குறிப்புகளோ வெறும் எழுத்தில் இருந்தன. ஒருவர் ஒன்றும் எழுதாவிட்டாலும், அதே கடவுச்சொல் வைத்த இன்னொருவரின் குறிப்பு அவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தது.

மின்னஞ்சல் அமைப்பில் மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் இன்னும் உங்கள் கையில் உள்ளவைதானா என்று பாருங்கள். கைவிட்ட பழைய எண் இப்போது வேறொருவரிடம் இருக்கலாம்.

கசிந்திருந்தால்

ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அகப்பட்டிருக்கிறது என்று சொல்லும். கடவுச்சொல்லைச் சோதிக்கும் பகுதியும் உண்டு. நீங்கள் தட்டியதை உலாவியிலேயே ஹேஷ் செய்து, அதன் முதல் ஐந்து குறியீடுகளை மட்டும்தான் அனுப்புகிறது. மீதி ஒப்பீடு உங்கள் கணினியில் நடக்கிறது. பல மேனேஜர்கள் இதே சோதனையை உள்ளேயே வைத்திருக்கின்றன. முன்பின் தெரியாத வேறு தளங்களில் "என் கடவுச்சொல் எவ்வளவு வலு" என்று தட்டிப் பார்க்காதீர்கள்.

கசிந்தது தெரிந்தால் உடனே அந்தக் கடவுச்சொல் இருந்த எல்லா இடத்திலும் மாற்றுங்கள். மாற்றக் கட்டாயக் காரணம் என்பது இதுதான்: கசிவு, சந்தேகமான நுழைவு, போலித் தளத்தில் தட்டிவிட்ட நினைவு, பகிர்ந்திருந்த ஒருவர் விலகிப் போனது. மின்னஞ்சல் கணக்குக்குள் யாராவது வந்திருந்தால் கடவுச்சொல்லோடு நிறுத்தாமல் ஃபார்வர்டிங், ஃபில்டர் பகுதிகளைத் திறந்து பாருங்கள். வரும் அஞ்சல்களின் நகல் தன் முகவரிக்குப் போகும்படி ஒரு விதியை வைத்துவிட்டுப் போவது திருடர்களின் வழக்கம். அது இருக்கும்வரை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் மீட்பு இணைப்புகள் அவர்களுக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

கணினியில் திருட்டு மென்பொருள் புகுந்திருந்தால் வரிசை மாறும். கிராக் செய்த மென்பொருளோடு வரும் இந்த வகை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் திறந்திருக்கும் அமர்வுகளின் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்று தளத்துக்குக் காட்டும் சிறு அடையாளங்கள்) சேர்த்து அள்ளிச் செல்லும். குக்கீ இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் போய்விடும். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சலை முதலில் மாற்றி, எல்லா அமர்வுகளையும் வெளியேற்றி, மீதியை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியில் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவிய பிறகே அதில் மறுபடி எங்கும் உள்ளே செல்லுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம்

ஓர் உறைக்குள் இவற்றை எழுதி வையுங்கள்: எந்த மேனேஜர், எந்த மின்னஞ்சலில் பதிந்தது, முதன்மைக் கடவுச்சொல், மின்னஞ்சலுக்கும் மேனேஜருக்கும் உரிய மீட்புக் குறியீடுகள், எழுதிய தேதி. வீட்டில் முழுமையாக நம்பும் ஒருவருக்கு உறை இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு உடல்நலம் கெட்டாலும் அவர்களுக்கு இது தேவைப்படும். வைப்பதற்கு முன் ஒரு சோதனை: இதுவரை பயன்படுத்தாத ஒரு கருவியை எடுத்து, உங்கள் போனைத் தொடாமல், அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து மேனேஜருக்குள்ளும் மின்னஞ்சலுக்குள்ளும் போய்ப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அந்த விவரத்தைக் காகிதத்தில் சேருங்கள். சோதனையில் பயன்படுத்திய மீட்புக் குறியீட்டை அடித்துவிட்டு, உறையை ஒட்டுங்கள்.